ஒன்பதாம் மேசைக் கெடா விருந்து

எங்கள் ஹோட்டலுக்கு ஆடு சாப்பிட வருகிறவர்கள் ஆடு சாப்பிடுவதில்லை. பயறு மாவை அழுத்திச் செய்த ஒரு கட்டியைச் சாப்பிடுகிறார்கள். ஆட்டைச் சாப்பிடுவது உள்ளே கண்ணாடி அறையில் இருக்கிற ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் நாக்குக்குத் தெரிகிற ருசி வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் நாக்குக்கும் தெரியும். அதற்காக அவர்கள் மேலண்ணத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மெல்லிய தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது தானாகக் கரைந்துவிடும்.

இதை நாங்கள் ஒளித்துச் செய்யவில்லை. வாசலிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். கொம்புக் காய்ச்சல் வந்து ஆடு மாடுகளில் முக்கால்வாசி செத்துப்போய், ஒரு கிடாயை அறுப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று ஆன பிறகு, கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் பதினெட்டாவது மாடியில் ஸ்டேக் ஹவுஸ் நடத்த வேறு வழி கிடையாது. வாரத்துக்கு ஒரு ஆடு, மாதத்துக்கு ஒரு மாடு. அதை வைத்துக்கொண்டு ஊருக்கே ருசி காட்ட வேண்டும்.

நான் எபநேசர். பதினோரு வருஷமாக இங்கே ஃப்ளோர் மேனேஜர். என் வேலைக்கு முக்கியமான தகுதி, காதில் விழுந்தாலும் விழாத மாதிரி நிற்பது. நிச்சயதார்த்தம் முறிந்ததை, கம்பெனி கைமாறியதை, அப்பாவை எந்த முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று அண்ணன் தம்பிகள் பேசி முடித்ததை எல்லாம் கையில் தண்ணீர்க் குடுவையோடு பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எதுவும் என் மேல் ஒட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை விளம்பரத்தில் சுவைக் கலைஞர்கள் என்று போடுவோம். எங்களுக்குள் பேசும்போது வெறும் 'வாய்'. இன்றைக்கு வாய் யார், வாய் வந்தாச்சா, வாய்க்கு ஜலதோஷமாம், இப்படி. எங்களிடம் இருந்த நான்கு வாய்களில் வசுமதிதான் முதல் தரம். முப்பத்தோரு வயசு. திருநெல்வேலிப் பக்கம் சுத்த சைவக் குடும்பம். சைவக்காரர்களைத் தேடிப் பிடித்து இந்த வேலைக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. கறி சாப்பிட்டே பழகின நாக்கு பாதி ருசியைக் கவனிக்காமலே விட்டுவிடும். வசுமதியின் நாக்கு ஒவ்வொரு துண்டையும் பார்த்துத் திடுக்கிடும். அந்தத் திடுக்கிடல்தான் எங்கள் வியாபாரம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என்னிடம் ஒன்று கேட்டாள். "சார், மெல்லணும், சரி. முழுங்கணுமா?"

"முழுங்கக் கூடாதும்மா. ஒரு நாளைக்கு ஏழு பந்தி. முழுங்கினா உடம்பு என்னத்துக்கு ஆகும்? பக்கத்துல கிண்ணம் இருக்கும், துப்பிடு. முழுங்கற உணர்ச்சியை எப்பவோ ஒருத்தர்கிட்ட பதிவு பண்ணி வச்சிருக்கோம். மிஷின் அதைச் சேர்த்துக்கும்."

அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது. "அப்ப நான் சாப்பிட்டதா ஆகாதுல்லா சார்? எங்க அம்மாகிட்ட தைரியமா சொல்லிருவேன்."

நான்கு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் வைக்கிற குழம்பு தனக்கு ருசிப்பதே இல்லை, உப்பு போட்டோமா என்றுகூடத் தெரிவதில்லை என்று ஒருமுறை சொன்னாள். நான் அதையும் காதில் வாங்காத மாதிரிதான் நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்கு ஒன்பதாம் மேசையைத் தனகோபால் பதிவு செய்திருந்தார். குளிர்கிடங்குகள் வைத்திருப்பவர், அடிக்கடி வருகிறவர். மூன்று பேருக்கு ஆடு. கூடவே தனி வாய். தனி வாய் என்றால், உள்ளே இருப்பவர் அந்த ஒரு மேசைக்காக மட்டுமே சாப்பிடுவார். பதிவு செய்து வைத்துப் பிறகு தருவது கிடையாது, நேருக்கு நேர் அந்தந்த நிமிஷத்து ருசி. மேசை விளிம்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு இருக்கும். அது எரியும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு துண்டை வாயில் போட வேண்டும். பார்க்கக் கொஞ்சம் பள்ளிக்கூட டிரில் மாதிரிதான் இருக்கும்.

பதிவு செய்யும்போதே தனகோபால் போனில் விவரம் சொல்லியிருந்தார். "இது சாதாரணச் சாப்பாடு இல்லீங்க எபநேசர். ஒரு சமாதானம். ஊருலன்னா கெடா வெட்டி விருந்து போட்டிருப்பேன். இப்ப கெடாய்க்கு எங்க போறது? உங்ககிட்டதான் அசல் ஆடு இருக்குது. பெரியவர் மனசு குளிரணும்."

பெரியவர் என்பது அன்னூர்ப் பக்கத்து மருதாசலம், ரிட்டையரான பஸ் டிரைவர். அவருடைய ஒரே மகன் சசிதரன் தனகோபாலின் குளிர்கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவன். போன மார்கழியில் ஒரு பகல் ஷிப்டில் உள்ளே மாட்டிக்கொண்டு இறந்துபோனான். கதவை உள்ளேயிருந்து திறக்க முடியவில்லை. அபாய மணி வேலை செய்யவில்லை. அதைத் தனகோபாலே கழற்றிவைக்கச் சொல்லியிருந்தார், அடிக்கடி அடித்துத் தொந்தரவு செய்கிறது என்று. வழக்கு நடந்துகொண்டிருந்தது. பெரியவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடியும். சொந்தக்காரர்கள் கூடிப் பேசியதில், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடட்டும், சாப்பிட்டபின் கையெழுத்து என்று முடிவாகியிருந்தது. அந்தப் பக்கத்தில் பகையாளி வீட்டுச் சாப்பாட்டில் கை நனைத்துவிட்டால் அதோடு பகை தீர்ந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் ஊரே காறித் துப்பும்.

யாருக்காகச் சாப்பிடுகிறோம் என்று வாய்க்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. சொன்னால் நாக்கு கெட்டுவிடுமாம். நான் பதினோரு வருஷத்தில் அந்த விதியை மீறியது கிடையாது. அன்றைக்கு மீறினேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ருசியை மிஷினுக்கு அனுப்புகிற கழுத்துப் பட்டையை வசுமதிக்கு மாட்டிவிடும்போது, இன்றைக்கு எதற்கு சார் ஒரே ஒரு மேசை என்று கேட்டாள். என் வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"ஒண்ணா சாப்பிட்டா தீர்ந்துருமா சார்?" என்றாள்.

"அவங்க பக்கம் அப்படித்தான்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான். பாவம், பெரியவருக்கு நிம்மதி கெடச்சா சரி. எத்தனை நாளைக்குத்தான் கோர்ட்டு வாசல்ல நிப்பாரு."

நான் வெளியே வந்துவிட்டேன்.

மூன்று பேரும் ஒன்றரை மணிக்கு வந்தார்கள். தனகோபால், மருதாசலம், பெரியவரின் மச்சினர் பொன்னுசாமி. பொன்னுசாமிதான் நடுவில் நின்று பேசியவர். சலவை வேட்டியில் மருதாசலம் நிமிர்ந்து நடந்து வந்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே அவிநாசி ரோடு முழுக்கத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் உட்காரமாட்டார்கள். அவர் பார்க்கவில்லை.

மருதாசலத்துக்குத் தாள் ஒட்டப் போனேன். "இது எதுக்குங்க தம்பி?"

"ருசி நல்லாத் தெரியறதுக்குங்க."

வாசலில் எழுதியிருப்பதைப் படித்திருப்பார் என்று நினைத்துவிட்டேன். பெரியவருக்குக் கண்ணில் அவ்வளவு பார்வை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"அண்ணா, உங்க பையனை நான் திருப்பிக் கொண்டு வர முடியாது" என்றார் தனகோபால். நல்ல குரல். பயிற்சி செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தது. ஆனால் பொய் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் தூக்கம் போயிருந்தது கண்ணில் தெரிந்தது. "என்னால முடிஞ்சது, உங்க கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடறதுதான்."

பெரியவர் தலையை ஆட்டினார். "மச்சான் சொன்னாருங்க. எல்லாரும் சொல்றாங்க. நானும் எத்தனை நாள் அலையறது."

"அதுதான் மாப்ளே. போனவன் வரப்போறதில்லை" என்றார் பொன்னுசாமி.

தட்டுகள் வந்தன. பச்சை விளக்கு எரிந்தது. மூன்று முள்கரண்டிகள் ஒன்றாக மேலே போயின.

நான் வழக்கமான இடத்தில் நின்றேன். முதல் துண்டிலேயே தனகோபாலின் புருவம் உயர்ந்தது. "எபநேசர், இன்னைக்குப் பிரமாதம்" என்றார். "எத்தனையோ தடவை வந்திருக்கேன். இப்படி இருந்ததில்லை." வசுமதி நல்ல மனநிலையில் இருக்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன். பொன்னுசாமி கண்ணை மூடிக்கொண்டே மென்றார். மருதாசலம் விளக்கு எரியும்போதெல்லாம் ஒரு துண்டு எடுத்தார், மென்றார், விழுங்கினார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கடமையாகச் சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஆறாவது துண்டோ ஏழாவது துண்டோ ஆகும்போது அவர் முள்கரண்டியை வைத்துவிட்டார்.

"அவன் டப்பா வந்துச்சுங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "ஆஸ்பத்திரியிலிருந்து சாமானெல்லாம் ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. அதுல சோத்து டப்பாவும் இருந்துச்சு. தொறக்கவே இல்லீங்க. அவங்கம்மா கட்டிக் குடுத்தது அப்படியே கட்டியா உறைஞ்சு கெடந்துச்சு. பசியோடதான் போனானுங்க என்ற பையன்."

பொன்னுசாமி "மாப்ளே" என்றார். தனகோபால் குனிந்துகொண்டார்.

காதில் விழாத மாதிரி நிற்க என்னால் முடியவில்லை. சொல்லத்தானே வேண்டும். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

அந்த நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே இருக்கிற வசுமதிக்கு இது எதுவும் தெரியாது. அவள் அடுத்த துண்டை வாயில் போட்டிருப்பாள். தனகோபாலும் பொன்னுசாமியும் பழக்க தோஷத்தில் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். மருதாசலம் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கையை வாயருகே கொண்டுபோனார். நாக்கைச் சுழற்றினார். பிறகு தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இங்க வாங்க." பக்கத்தில் போனேன். "வாயில ஒண்ணுமே இல்லீங்க. ஆனா கறி ருசிக்குது. தொண்டைக்குள்ள எறங்கறது கூடத் தெரியுது. இது என்னங்க?"

தனகோபால் முந்திக்கொண்டார். "அது ஒரு மிஷின் வேலைங்கண்ணா. உள்ள ஒரு பொண்ணு அசல் ஆட்டுக்கறியைச் சாப்பிடும். அந்த ருசி நமக்கு வரும். இப்பெல்லாம் இப்படித்தான்."

"அப்ப தட்டுல இருக்கறது?"

"பயறுங்க" என்றேன்.

மருதாசலம் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வழி தெரியாத ஊரில் போர்டைப் படிக்கிறவர் மாதிரி நிதானமாக யோசித்தார்.

"அப்ப விருந்தை நான் சாப்பிடலைங்களே. அந்தப் பொண்ணுதான சாப்பிட்டிருக்குது."

"மாப்ளே, சும்மா கெளப்பாதீங்க. ருசி வந்துச்சில்ல?"

"ருசியில என்ன இருக்குது மச்சான்? கெடாய்க்கறி மணத்தைப் பக்கத்து வீட்டுக்காரனும்தான் மோந்து பாக்கறான். அதுக்காக அவன் விருந்தாடினதா ஆயிடுமா?"

தனகோபால் சாந்தமாகவே பேசினார். "அண்ணா, நீங்க நேர்ல வர முடியாத எடத்துக்கு உங்களுக்குப் பதிலா ஒருத்தரை அனுப்பறீங்க. அவரு போட்ட கையெழுத்து உங்க கையெழுத்துத்தானே? அந்தப் பொண்ணு நம்ம மூணு பேருக்காகவும் உக்காந்திருக்குது. ஒரே ஆட்டை, ஒரே வாயில, நாம மூணு பேரும் சாப்பிட்டிருக்கோம். ஒரே இலையில சாப்பிட்டதை விட இது நெருக்கம்."

சொல்லப்போனால், அதில் ஒரு நியாயம் இருந்தது. பொன்னுசாமி மேசையைத் தட்டி ஆமோதித்தார். மருதாசலத்தின் தோள் இறங்கியது. ஒரு வழி தெரிந்து, அதுவும் அடைபட்ட மாதிரி. பொன்னுசாமி பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பேனாவை எடுத்தவர், என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணு முழுங்குச்சுங்களா?"

விளம்பரத்தில் 'எங்கள் கலைஞர் சாப்பிடுகிறார், நீங்கள் ருசிக்கிறீர்கள்' என்றுதான் இருக்கும். துப்புவது பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசினால் அன்றைக்கே வேலை போகும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். எனக்கு வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் இருக்கிறாள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இல்லீங்க" என்றேன். "மென்னு துப்பிடுவாங்க. யாரும் முழுங்கறதில்லை. உங்க தொண்டையில எறங்கினது பழைய பதிவு."

"அப்ப யாருமே சாப்பிடலை."

"யாருமே சாப்பிடலைங்க."

தனகோபால் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. குரலை மட்டும் உயர்த்தவில்லை. "எபநேசர், உங்களுக்கு என்ன ஆச்சு? இவரு சும்மா சொல்றாருங்கண்ணா. எனக்குத் தெரியும், அவங்க சாப்பிடுவாங்க. துப்பினதுன்னா எங்கே? கொண்டு வந்து காட்டச் சொல்லுங்க. காட்டினா நானே இந்தக் காகிதத்தைக் கிழிச்சுடறேன். இல்லேன்னா நீங்க கையெழுத்துப் போடணும். உங்க மச்சான் சாட்சி."

மருதாசலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொண்டு வாங்க தம்பி" என்றார்.

எனக்குத் தைரியமாகவே இருந்தது. கண்ணாடி அறைக்குப் போனேன். வசுமதி கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணம். அதில் ஒன்றுமில்லை. ஒரு துளி எச்சில்கூட இல்லை. பளபளவென்று இருந்தது.

"துப்பினது எங்கேம்மா?"

"துப்பலை சார்."

"என்னது?"

"முழுங்கிட்டேன் சார்." சொல்லும்போதே அவளுக்குக் குமட்டியது. வாயை மூடிக்கொண்டு சமாளித்தாள். "பெரியவருக்காக நான்தான சாப்பிடுதேன். மென்னு துப்பினா அது எப்படி சார் சேரும்? அவரு சமாதானம் ஆகாமலே போயிருவாரேன்னு தோணுச்சு. முதல் துண்டு எறங்கவே இல்லை. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிட்டேன். அம்மாகிட்ட என்ன சொல்லப் போறேன்னுதான் தெரியலை."

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவர் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பழைய பதிவு இல்லை. நிஜமாகவே இறங்கியிருக்கிறது. தனகோபால் சொன்னதுதான் உண்மை, நான் சொன்னதுதான் பொய். இந்தப் பெண் நான்கு வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்ததை, முகம் தெரியாத ஒரு கிழவருக்காகக் கொடுத்துவிட்டாள். அவர் வேண்டாம் என்று தவித்துக்கொண்டிருந்த ஒன்றுக்காக.

"சார், பெரியவர் சமாதானமாயிட்டாரா?"

"ஆயிட்டாரும்மா" என்றேன். "நல்லபடியா முடிஞ்சுது. நீ வீட்டுக்குக் கிளம்பு. சர்வீஸ் லிஃப்ட்ல போ, ஹால் பக்கம் வராதே."

அவள் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள்.

லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்ட பிறகு, அவள் தட்டில் மிச்சம் இருந்த கறியை எடுத்து என் வாயில் போட்டேன். ஒவ்வொரு துண்டாக மென்றேன். அசல் ஆட்டுக்கறி நான் சாப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. என் கல்யாண நாள், அப்பா உயிரோடு இருந்த ஒரு கிறிஸ்துமஸ், எல்லாம் வந்து நாக்கில் நின்றன. அத்தனையையும் கிண்ணத்தில் துப்பினேன். என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். விழுங்கிவிடக் கூடாது என்று கண்ணில் நீர் வரும்வரை மென்றேன்.

கிண்ணத்தை வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போய் ஒன்பதாம் மேசையில் வைத்துத் துணியை எடுத்தேன்.

தனகோபால் ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு, சொன்ன சொல்லுக்காகக் காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பொன்னுசாமி நாற்காலியை இரைச்சலோடு தள்ளிவிட்டு எழுந்து போனார். தனகோபாலும் போனார். போகிறபோது என் பெயர்ப் பட்டையை நின்று படித்துவிட்டுப் போனார்.

மருதாசலம் கடைசியாக எழுந்தார். கிண்ணத்தில் இருந்ததைக் கொஞ்சமும் அருவருப்பில்லாமல் பார்த்தார். பிறகு கண்ணாடி அறை இருக்கிற பக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க தம்பி. அது ஒரு வாய் முழுங்கியிருந்தாலும் இன்னைக்கு என்ற பையனை நான் வித்துட்டுப் போயிருப்பனுங்க. முழுங்காம இருந்துச்சே, அதுக்கு ஒரு கும்பிடு போட்டன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.